கச்சான் காற்றைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்: மே மாதத்தில் ராமநாதபுரம் கடற்கரைக்குக் காரில்

ஏப்ரல் கடைசியில் அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது நான் கேட்கிற முதல் கேள்வி, "கச்சான் கிளம்பிவிட்டதா?" என்பதுதான். மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் பிறந்தவள் நான். அம்மா முப்பது வருடங்களுக்கு மேல் கடலில் பாசி எடுத்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாறையில் விரல் கிழியாமல் இருக்கத் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி எடுத்த பாசியில்தான் எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். எனக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் திருப்பூர். 2011-இல் கார் வாங்கியதிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் எல்லோரோடும் திருப்பூரிலிருந்து என் ஊருக்குப் போய் வருகிறோம். பாதித் தூரம் நான் ஓட்டுவேன், பாதித் தூரம் அவர் ஓட்டுவார்.

அக்கம்பக்கத்தில் யார் ராமேஸ்வரம் கிளம்பினாலும் என்னிடம் வந்து வழி கேட்பார்கள். வழியைச் செல்பேசியே காட்டிவிடும். அது காட்டாதவை இரண்டு: வெயில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம். கோடையில் அந்தக் கரைக்குப் போவதென்றால் இந்த இரண்டையும் வைத்துத்தான் நாளைப் பிரிக்க வேண்டும். ஊர்களின் பட்டியலை வைத்துப் பிரித்தால் அலைச்சல்தான் மிஞ்சும்.

இரண்டு கடல், ஒரு காற்று

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். மற்றவை எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

பாம்பன் சாலைப் பாலத்தில் ராமேஸ்வரத்தை நோக்கிப் போகும்போது உங்கள் இடது கையில் இருப்பது பாக் நீரிணைக் கடல், வலது கையில் இருப்பது மன்னார் வளைகுடா. எங்கள் ஊர்ப் பக்கம் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெண் கடல் ஆழம் குறைந்தது, அமைதியானது. ஆண் கடல் ஆழமானது, அலை அடிக்கிற கடல். ஆனால் இந்தக் குணம் வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும்போது பெண் கடல் கொந்தளிக்கும், ஆண் கடல் அடங்கிக் கிடக்கும். கோடையில் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசத் தொடங்கினால் எல்லாம் தலைகீழ். ஆண் கடல் பொங்கும். பெண் கடல் குளம் மாதிரி ஆகிவிடும்.

ஆகவே மே மாதம் போகிறவர்கள் வடக்குக் கரையில் குளியுங்கள், தெற்குக் கரையைப் பார்த்து ரசியுங்கள். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள்.

அமைதியான கடலிலும் ஓர் ஆபத்து உண்டு. அரியமான் கடற்கரை வடக்கே பார்த்தது. கச்சான் அங்கே கரையிலிருந்து கடலுக்குள் அடிக்கும். அலை எழாமல் நீர் தட்டையாக இருப்பதற்குக் காரணமே அதுதான். அதே காற்று காற்றடைத்த வளையம், மிதவை, பந்து எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டே போய்விடும். கரையில் நிற்கும் நாம் விளையாடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருப்போம். காற்றடைத்த எதையும் கச்சான் காலத்தில் இந்தக் கரைக்கு எடுத்து வராதீர்கள். மிதவைச் சட்டை மட்டும் போதும், அதுவும் உடம்போடு இறுகக் கட்டியதாக இருக்க வேண்டும்.

எந்தத் தேதி

திருப்பூரிலிருந்து போனால் மதுரையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் அந்தப் பக்கம் காரில் போகவே கூடாது. பரமக்குடியிலும் அதே சமயத்தில் அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. மதுரையைச் சுற்றுச்சாலையில் கடந்துவிட்டோம் என்ற நிம்மதியோடு வந்து பரமக்குடியில் மாட்டிக்கொள்வார்கள். அழகரைத் தரிசிக்க வேண்டும் என்றால் அதற்கென்றே தனியாக வாருங்கள், அது வேறு அனுபவம்.

அமாவாசையையும் தவிருங்கள். ராமேஸ்வரத்திலும் சேதுக்கரையிலும் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டத்தில் அறையும் கிடைக்காது, கார் நிறுத்த இடமும் கிடைக்காது. தர்ப்பணம் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் மட்டும் அமாவாசை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரிக்கும் பருவம் என்பதால் இந்தத் தடை. ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் வரிசையாக நங்கூரமிட்டு நிற்பதைப் பார்ப்பீர்கள். மீன் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாட்டுப்படகும் வல்லமும் கடலுக்குப் போகும். அவை கொண்டு வருவது அன்று காலையில் பிடித்த கரையோர மீன்: ஓரா, விளமீன், முரல், நண்டு, கணவாய். விலை சற்றுக் கூடுதலாக இருக்கும், அளவு குறைவாக இருக்கும். ஆனால் பனிக்கட்டியில் நாள்கணக்கில் கிடந்த பெரிய மீனைவிட இதுதான் மீன் என்று நான் சொல்வேன். உணவகத்தில் பெரிய மீன் துண்டு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், "இன்றைக்கு வல்லத்தில் என்ன வந்தது?" என்று கேட்டு வாங்குங்கள்.

வண்டி

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு டயரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்று இருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். டயரின் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் ஆன டயரை நம்பி மே மாதத் தார்ச்சாலையில் குடும்பத்தோடு ஓட்ட எனக்கு மனம் வராது. பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நடுவழியில் சூடான டயரில் அளவு கூடக் காட்டுகிறது என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடுகிறோம். அதையும் பாருங்கள்.

குளிர்விப்பான் நீர், பேட்டரி, ஏசி, வைப்பர் நீர் இவற்றை மெக்கானிக் பார்த்துவிடுவார். வைப்பர் நீரை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாம்பனைத் தாண்டினால் கண்ணாடியில் உப்புப் படியும். வெறும் வைப்பரை ஓட்டினால் கண்ணாடி முழுவதும் பால் பூசியது போல் ஆகிவிடும்.

காகிதங்கள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: காப்பீடு, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று, ஓட்டுநர் உரிமம், பாஸ்டேக்கில் பணம்.

வழியும் வெயிலும்

தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரைச் சுற்றுச்சாலை, திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம். ராமேஸ்வரம் வரை ஏறக்குறைய 350 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை தொண்டி, தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரத்துக்கே வந்து சேரும். திருச்சிக்காரர்களுக்குக் காரைக்குடி, தேவகோட்டை, ஆர்.எஸ்.மங்கலம். அந்த வழியில் வந்தால் ஆர்.எஸ்.மங்கலத்துக் கண்மாயைப் பாருங்கள். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று ஊர் சொல்லும் கண்மாய் அது. கோடையில் நீர் இருக்காது, ஆனால் அதன் விரிவைப் பார்த்தாலே எங்கள் மாவட்டத்து மக்கள் தண்ணீருக்காக எத்தனை பாடுபட்டார்கள் என்பது தெரியும்.

நாங்கள் அதிகாலை 4 மணிக்குக் கிளம்புவோம். ஓட்டுகிறவர் முந்தைய இரவு 8 மணிக்கே படுத்துவிட வேண்டும். இது எங்கள் வீட்டில் சட்டம். துணியை அடுக்குவதும் கட்டுச்சோறு கட்டுவதும் ஓட்டாதவர்களின் வேலை. நடுநிசி வரை சாமான் கட்டிவிட்டு இரண்டு மணி நேரத் தூக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடிப்பதைவிடக் காலை 6 மணிக்கு மெதுவாகக் கிளம்புவது நல்லது.

4 மணிக்குக் கிளம்பினால் 6 மணியை ஒட்டித் திண்டுக்கல், 7 மணி சுமாருக்கு மதுரை. இப்போதுதான் வெயிலின் சங்கதி வருகிறது. மதுரையிலிருந்து சாலை தென்கிழக்கே திரும்புகிறது. காலைச் சூரியன் ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேரே, சாலையின் மட்டத்தில் நிற்கும். எதிரே வரும் இருசக்கர வண்டி கரும்புள்ளியாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் ஓட்டாதீர்கள். திருப்புவனம் பக்கம் ஒரு மர நிழலில் நிறுத்தி, கட்டுச்சோற்றைப் பிரித்து, முக்கால் மணி நேரம் உட்காருங்கள். எட்டேகாலுக்குச் சூரியன் மேலே ஏறிவிடும். கட்டுச்சோறு என்றால் புளிச்சோறும் பருப்புத் துவையலும்தான். தயிர்ச்சோறு இந்த வெயிலில் எட்டு மணிக்கே புளித்துவிடும், தேங்காய்ச் சட்னி ஆகவே ஆகாது.

மானாமதுரையில் வண்டியை நிறுத்தி ஒரு மண்பானை வாங்குங்கள். அந்த ஊர் மண்ணுக்கும் அங்கே செய்யும் கச்சேரிக் கடத்துக்கும் இருக்கிற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூடியும் குழாயும் வைத்த நடுத்தர அளவுப் பானை போதும். தங்கும் அறையில் அதை ஜன்னலோரம் வைத்து நீர் ஊற்றிவிட்டால், கடல் காற்றில் ஒரு மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். நான்கு நாட்களுக்குத் தண்ணீர் பாட்டில்களாக வாங்கி, அந்தப் பிளாஸ்டிக்கை எங்கள் கரையில் விட்டுவிட்டுப் போவதற்கு இது எவ்வளவோ மேல்.

மதுரையிலிருந்து நீங்கள் வைகையின் கூடவேதான் வருகிறீர்கள். மே மாதத்தில் மணல்தான் தெரியும். அந்த ஆறு ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்குகிறது; கண்மாய் நிரம்பி வழிகிற வருடங்களில்தான் ஆற்றங்கரை என்ற ஊரில் பெண் கடலைத் தொடும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டே வாருங்கள். பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை. அதன் பிறகு வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இருபுறமும் சீமைக்கருவேலம் அடர்ந்திருக்கும், ஆடுகள் திடீரென்று குறுக்கே வரும்.

ராமநாதபுரத்தைத் தாண்டினால் பனைகள். சாலையோரத்தில் நுங்கு வெட்டிக் கொடுப்பார்கள். பதநீரைக் காலையில் மட்டும் குடியுங்கள், அதுவும் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தால். வெயில் ஏறிய பிறகு அது புளிக்கத் தொடங்கிவிடும்.

எங்கே தங்குவது

மூன்று இரவுகள் வேண்டும். ஒரே நாளில் கோயில், தனுஷ்கோடி, பாலம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இரவோடு இரவாகத் திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கடலை நின்று பார்க்க அவர்களுக்கு நேரமே கிடைப்பதில்லை.

ராமேஸ்வரத்தில் தங்கினால் கோயிலுக்கு வசதி. கடலுக்காகப் போகிறீர்கள் என்றால் மண்டபம், உச்சிப்புளி பக்கம் தங்குங்கள். மண்டபத்திலிருந்து இரண்டு கடலும் கைக்கெட்டும் தூரம். அறை பதிவு செய்யும்போது ஏசி இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் இன்னொன்றும் கேளுங்கள்: "குளிக்கிற தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா?" கடலில் குளித்துவிட்டு வந்து உப்புத் தண்ணீரில் மறுபடி குளித்தால் பிள்ளைகளுக்கு இரவு முழுவதும் உடம்பு அரிக்கும். அறையில் உப்புத் தண்ணீர்தான் என்றால் கடைசியாக ஊற்றிக்கொள்ள ஒரு கேன் நல்ல தண்ணீராவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாவட்டத்தில் நல்ல தண்ணீர் எளிதில் கிடைப்பதல்ல. குழாயைத் திறந்துவிட்டு நிற்காதீர்கள்.

முதல் நாள் மாலை

வந்து சேர பதினொன்றரை ஆகிவிடும். பிள்ளைகள் உடனே கடலுக்கு இழுப்பார்கள். விடாதீர்கள். சாப்பிட்டுத் தூங்குங்கள். நாலரைக்கு அரியமான்.

சவுக்குத் தோப்பின் நிழல், வெண்மணல், இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம். காரை மணலுக்குள் இறக்காதீர்கள். மேலே காய்ந்து இறுகியது போல் தெரியும், கீழே மாவு மாதிரி இருக்கும். ஒரு வருடம் எங்கள் வண்டி மாட்டிக்கொண்டது. அவர் மேலும் மேலும் ஆக்சிலரேட்டரை அழுத்த, சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டது. வலைக்காரர் ஒருவர் ஓடி வந்து, "நிறுத்துங்கள் அண்ணே, மிதிக்க மிதிக்க இறங்கும்" என்று தடுத்தார். சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டி, டயரில் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கி, காலடிப் பாய்களைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, மெல்ல மெல்ல நகர்த்தி வெளியே கொண்டு வந்தோம். பிறகு அருகிலிருந்த பெட்ரோல் நிலையம் வரை ஊர்ந்து போய்க் காற்று நிரப்பினோம். முறை இதுதான், ஆனால் உங்களுக்கு இது தேவைப்படாமல் இருக்கட்டும்.

நீரில் இறங்கும்போது காலைத் தூக்கி வைத்து நடக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். அம்மா எனக்குக் கற்றுக் கொடுத்த முதல் பாடம் அது. ஆழமில்லாத மணலில் திருக்கை புதைந்து படுத்திருக்கும். கால் உரசி வரும் அதிர்வில் அது விலகிப் போய்விடும். மேலே மிதித்தால்தான் வாலின் முள்ளால் குத்தும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்தக் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சொறிமீன் பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. கடல் நீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை ஒரு அட்டையாலோ குச்சியாலோ எடுத்துவிடுங்கள். மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

கரையில் பழுப்பு நிறத்தில் கிடக்கும் நாடா போன்ற இலைகள் குப்பை அல்ல. அது கடல் தாழை. பெண் கடலின் தரையெல்லாம் அந்தப் புல்தான். மீன் குஞ்சுகள் அதில்தான் வளர்கின்றன. மண்டபம் பக்கம் கடலில் மூங்கில் மிதவைகளைக் கட்டிப் பாசி வளர்ப்பார்கள். அது பலருடைய பிழைப்பு. அதன் மேல் ஏறி விளையாட விடாதீர்கள்.

தனுஷ்கோடிக்குப் போகும் காலை

இரண்டாம் நாளை இதற்கே ஒதுக்குங்கள். கச்சான் பத்து மணிக்கு மேல் வலுக்கும். அதன் பிறகு தனுஷ்கோடியில் மணல் பறந்து வந்து கணுக்காலில் ஊசி மாதிரி குத்தும், கண் திறக்க முடியாது. பகலில் அங்கே நிழலும் கிடையாது. ஆகவே விடிகிற பொழுதில் போக வேண்டும். மே மாதத்தில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் உதித்துவிடும். வண்டிகளை விடும் நேரத்தை முந்தைய நாளே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் நேரமாகிவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பெட்ரோலை ராமேஸ்வரத்திலேயே நிரப்பிவிடுங்கள். தனுஷ்கோடியில் பங்க் கிடையாது.

சாலையின் இடப்பக்கம் பெண் கடல், வலப்பக்கம் ஆண் கடல். மே மாதத்துக் காலையில் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். ஒன்று கண்ணாடி, மற்றது நுரை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து, நிலம் முடிகிற அரிச்சல்முனை வரையிலான சாலை 2017-இல்தான் திறக்கப்பட்டது. நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவோடு மணலில் நடந்தும் மீன் ஏற்றும் வண்டியில் தொற்றியும் போயிருக்கிறேன்.

இடிந்த தேவாலயத்தின் அருகே வண்டியை நிறுத்துங்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் இந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோய்விட்டது. அதற்கு முன்பு இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போனது, ரயில் நிலையம் இருந்தது, அஞ்சலகம் இருந்தது. எங்கள் பக்கத்துப் பல குடும்பங்களில் அந்த இரவுக்கு ஒரு பெயரும் ஒரு முகமும் உண்டு. சுவர்களின் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். பவளக்கல்லில் கட்டிய சுவர்கள் அவை, உதிர்ந்துகொண்டிருக்கின்றன. அதோடு அது பலருக்கு அடக்கத்தலமும்கூட.

அரிச்சல்முனையில் கடலில் இறங்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். 2019-இல் என் நாத்தனார் மகன், பதினேழு வயதுப் பையன், முழங்கால் அளவு நீரில்தான் நின்றான். கரை அங்கே சட்டென்று சரிகிறது. ஓர் அலை பின்வாங்கும்போது காலடி மணலோடு அவனையும் இழுத்துக்கொண்டது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்த இருவர் கயிற்றோடு பாய்ந்து அவனை மீட்டார்கள். அவன் பிழைத்தான், எல்லாப் பிள்ளைகளும் பிழைப்பதில்லை. அன்று மாலை அம்மா அவன் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "ஆண் கடல் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் அடிக்கும் தம்பி. முனை முகத்தைக் காட்டாது." இரண்டு கடலின் நீரோட்டமும் முட்டிக்கொள்ளும் இடம் அது. மேலே தெளிந்து தெரிவதை நம்பக் கூடாது.

இன்னொன்று, தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். செல்பேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

ஒன்பதரைக்குத் திரும்பிவிட்டால் பகல் முழுவதும் அறையில். பானைத் தண்ணீர், நுங்கு, தூக்கம். மாலையில் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். அங்கிருந்து பாம்பன் பாலம். சாலைப் பாலம் 1988-இல் திறந்தது. அதன் மேலிருந்து, 1914-ஆம் ஆண்டின் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த, செங்குத்தாக உயரும் புதிய ரயில் பாலத்தைப் பார்க்கலாம். பாலத்தின் மேல் காரை நிறுத்தாதீர்கள். எல்லோரும் நிறுத்துகிறார்களே என்று நீங்களும் நிறுத்தினால் பின்னால் வருகிற பேருந்துக்கு இடம் இருக்காது. பாலம் முடிகிற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடைபாதையில் திரும்பி வாருங்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், கச்சான் எடுத்துக்கொண்டு போய்விடும்.

கோயிலில் 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்றால் அதைத் தனுஷ்கோடி நாளோடு சேர்க்காதீர்கள். பெரியவர்களுக்கு இரண்டும் ஒரே நாளில் தாங்காது. மாற்றுத் துணியைக் கையோடு கொண்டு போங்கள். ஈரத்துணியோடு சன்னிதிக்குப் போக முடியாது.

மூன்றாம் நாள்

இதில் உங்கள் விருப்பம்தான். என் மாமியார் திருப்புல்லாணிப் பெருமாளையும் உத்தரகோசமங்கையையும் விடமாட்டார். அந்தப் பக்கம் போனால் கீழக்கரையையும் பார்த்துவிட்டு வாருங்கள். திராவிடக் கட்டடப் பாணியில் தூண்களோடு இருக்கும் பழைய பள்ளிவாசலை வெளியிலிருந்தேனும் காணுங்கள். தொதல் வாங்குங்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கிண்டிச் செய்யும் அந்தப் பண்டம் ஊர் திரும்பும் வரை கெடாது. சேதுக்கரை ஆண் கடல் பக்கம், ஆகவே மே மாதத்தில் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் விருப்பம் என்றால் வடக்கே காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகில் கூட்டிப் போவார்கள். காலையில் போங்கள். வழியில் தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவகிரகக் கற்களான நவபாஷாணத்தையும் பார்த்துவிடலாம். இரண்டு திசையையும் ஒரே நாளில் முயலாதீர்கள்.

வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. சங்கு வாங்குங்கள், கருப்பட்டி வாங்குங்கள், ராமநாதபுரம் குண்டு மிளகாய் ஒரு கிலோ வாங்குங்கள், தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று கிடைக்கும். பவளப்பாறைத் துண்டை மட்டும் கரையில் கிடந்தாலும் எடுக்காதீர்கள். பவளமும் கடல் அட்டையும் கடற்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி அந்தப் பாறைகள் இருப்பதால்தான் இந்தக் கடலில் மீன் இருக்கிறது, எங்கள் ஊரில் அடுப்பு எரிகிறது.

திரும்பும் நாள்

மாலையில் கிளம்பினால் மேற்கே இறங்கும் சூரியன் மறுபடியும் கண்ணுக்கு நேரே வரும். அதிகாலையில் கிளம்பினால் முதுகுக்குப் பின்னால் விடியும், சாலை தெளிவாகத் தெரியும். நாங்கள் நான்கரைக்குக் கிளம்பி, மானாமதுரையில் இட்லி சாப்பிட்டு, நேரம் இருந்தால் கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போவோம். 2023-இல் திறந்தது, பத்து மணிக்கு முன்பு போய்ப் பயனில்லை.

ஊர் போய்ச் சேர்ந்த மறுநாளே காரைக் கழுவுங்கள். மேலே மட்டும் போதாது, அடிப்பகுதியிலும் சக்கர வளைவுகளுக்குள்ளும் நல்ல தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உப்பை எடுக்கச் சொல்லுங்கள். கதவுக் கீல்களில் எண்ணெய் விடுங்கள். எங்கள் முதல் காரின் அடித்தகடு மூன்றே வருடத்தில் துருப்பிடித்தது இதைச் செய்யாததால்தான். இருக்கைகளுக்கு அடியில் இருக்கும் மணலை ஈரம் படுவதற்கு முன்பே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். மல்லிகை நாற்றை முதல் வாரம் நிழலில் வையுங்கள்.